கோடிட்ட இடம்

பொய் எழுதியதாக மோகனப்ரியாவை யாரும் குற்றம் சொல்ல முடியாது. அவள் எழுதியது ஒரு கேள்வி. கேள்வியைப் பொய் என்று நிரூபிக்க எந்தச் சட்டத்திலும் வழியில்லை. விளம்பரத் தொழிலில் பதினைந்து வருடம் இருந்தவளுக்கு அது நன்றாகவே தெரியும்.

2037 ஆகஸ்டில், கோவை ரேஸ்கோர்ஸ் பக்கம் இருந்த அவர்களுடைய அலுவலகத்துக்கு அரண் என்ற புதுக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். செங்கல் அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியை மேஜைமேல் வைத்தார்கள். சுவரில் மாட்டினால் போதும், வீட்டிலுள்ள எல்லா எந்திரங்களையும் அது காப்பாற்றும் என்றார்கள். எதிலிருந்து என்று யாரும் கேட்கவில்லை. அந்த வருடம் டீக்கடையில் பேசினாலும் கல்யாணப் பந்தியில் பேசினாலும் ஒரே பேச்சுதான். வருகிற ஜனவரி பத்தொன்பதாம் தேதி உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் ஒரே நொடியில் நின்றுபோகும். விமானம் விழும், லிஃப்ட் பாதியில் நிற்கும், அணைக்கட்டு தானாகத் திறந்துகொள்ளும். ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள்.

அந்தக் கூட்டம் முடிந்ததும் மோகனப்ரியா நேராக ஹபீபுல்லாவிடம் போனாள். அலுவலகத்துக் கணினிகளையெல்லாம் பார்த்துக்கொள்பவர் அவர். ஐம்பத்தெட்டு வயது. எதைக் கேட்டாலும் அலுத்துக்கொள்ளாமல் சொல்வார்.

"நெஜமாவே நின்னுடுமா சார்?"

"பழைய கம்ப்யூட்டருங்க 1970 ஜனவரி ஒண்ணுல இருந்து நொடி நொடியா எண்ணிக்கிட்டு வருதும்மா. அந்த எண்ணை எழுதி வெக்கிற இடம் ரொம்பச் சின்னது. ஜனவரி பத்தொம்போது காலைல எட்டு நாப்பத்தி நாலுக்கு அந்த இடம் நெறஞ்சிரும். அடுத்த நொடி, இது 1901-ஆம் வருஷம்னு நெனச்சுக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? பெரும்பாலும் மாத்தியாச்சு. பத்து வருஷமா ராப்பகலா அந்த வேலைதான் நடக்குது. மிச்சம் இருக்கறதுல பாதிக்கு மேல வருஷமே தேவையில்ல. மிக்ஸிக்கு எதுக்கும்மா வருஷம்?"

அந்தப் பெட்டி என்ன செய்யும் என்று கேட்டாள். ஹபீபுல்லா அதைப் பிரித்துப் பார்த்திருந்தார்.

"சரியான மணி காட்டும். பச்சை லைட் எரியும். லைட் நல்லா இருக்குது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிற்பாடு எத்தனையோ முறை நினைவுக்கு வந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள அது இடம் கொடுக்கவில்லை.

அந்த நாட்களில் விளம்பரம் ஊருக்கெல்லாம் ஒன்றாக வருவதில்லை. வீட்டுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. எழுதுகிறவர் ஒரு வாக்கியத்தை எழுதி நடுவில் பள்ளிக்கூடத்துப் பரீட்சையில் வருவதுபோல் ஒரு கோடு போட்டுவிடுவார். அந்தக் கோடிட்ட இடத்தை எந்திரம் நிரப்பும். அலுவலகத்தில் அதற்கு நிரப்பி என்றே பெயர். ஒரு வீட்டின் போன்கள் என்ன வாங்கின, எந்த மருந்துக்கடையில் நின்றன, யாருடைய பெயரை அடிக்கடி கூப்பிட்டன என்பதெல்லாம் நிரப்பிக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு எது மிகவும் வலிக்குமோ அதைக் கோட்டின்மேல் எழுதிவிடும்.

மோகனப்ரியா எழுதியது இவ்வளவுதான்: "ஜனவரி 19, காலை 8.44-க்கு ______ என்ன ஆகும்?"

அவளுடைய மேலாளர் தருண் அதை வாசித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டான். அவளைவிட ஆறு வயது இளையவன். இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம் என்றான். ஆனால் நிரப்பிக்குப் பழக்க மாதிரிகள் வேண்டும். எந்தெந்த மாதிரி வீட்டில் கோட்டை எப்படி நிரப்புவது என்று ஐம்பது எடுத்துக்காட்டுகளை மனிதக் கையால் எழுதிக் கொடுத்தால், அதைப் பார்த்து அது லட்சக்கணக்கில் எழுதிக்கொள்ளும். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் உட்கார்ந்து ஐம்பதையும் எழுதினாள். இடையில் எழுந்துகூடப் போகவில்லை. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அவளுக்கு உற்சாகமாக இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு வேலை கையில் ஓடியது.

நவம்பரில் விளம்பரம் வெளியானது. பெட்டிகள் தீர்ந்து, செய்து, மறுபடி தீர்ந்தன. பெட்டி வாங்கியவர்களுக்கு விளம்பரம் வருவது நிற்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நிற்கவில்லை. பயந்த வீடு இன்னொரு முறையும் வாங்கும் என்பதை நிரப்பி தானாகவே கண்டுகொண்டது. "பெட்டி வாங்கிவிட்டீர்கள். ஒன்று போதுமா?" என்று அது கேட்க ஆரம்பித்தபோது தருணும் தடுக்கவில்லை, அவளும் தடுக்கவில்லை.

ஜனவரி பத்தொன்பது செவ்வாய்க்கிழமை. காலையில் அலுவலகத்தில் எல்லோரும் பெரிய திரைக்கு முன்னால் கூடியிருந்தார்கள். எட்டு நாற்பத்து நான்கு வந்தது, போனது. எங்கோ ஒரு நாட்டில் சில பார்க்கிங் எந்திரங்கள் சீட்டுத் தர மறுத்தனவாம், அவ்வளவுதான். கைதட்டினார்கள். ஒன்றும் நடக்காததை விளம்பரமாக்க வேண்டும், 'அரண் இருந்ததால்' என்று ஆரம்பிக்கலாம் என்று தருண் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவனுக்கு அரண் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வாசித்துவிட்டு அதை மோகனப்ரியாவுக்குத் தள்ளிவிட்டான்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு டாக்டர் எழுதியிருந்தார். அவருடைய மருத்துவமனையில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி இரண்டு நாளாக நினைவில்லாமல் கிடக்கிறாள். ஒன்பது வயதிலிருந்து அவளுக்குச் சர்க்கரை நோய். வயிற்றில் ஒட்டிய சின்ன பம்பு ஒன்று தேவைக்குத் தகுந்தபடி தானாக இன்சுலின் செலுத்திக்கொண்டிருந்தது. பத்தொன்பதாம் தேதி அது நின்றுவிடும், அல்லது மொத்தத்தையும் ஒரேயடியாகச் செலுத்திவிடும் என்று பயந்து, அந்தப் பெண்ணின் தாய் மூன்று நாள் முன்னதாகவே பம்பைக் கழற்றிவிட்டாள். பொங்கல் விடுமுறை, கேட்கலாம் என்றால் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஊரில் இல்லை. பழைய சீட்டைப் பார்த்துக் கையால் ஊசி போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மருந்தின் அளவு கூடிவிட்டது. ஊசி போட்டதும் சாப்பிட வேண்டும், பெண் சாப்பிடாமலே படுத்துவிட்டாள். அம்மா பார்த்தபோது சாயங்காலம்.

கடிதத்தின் கீழே தாயின் போனில் வந்த விளம்பரத்தின் படத்தை டாக்டர் சேர்த்திருந்தார். "ஜனவரி 19, காலை 8.44-க்கு உங்கள் மகள் தன்ஷிகாவின் உடம்பில் ஓடும் இன்சுலின் என்ன ஆகும்?" அதன் கீழே ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: இதை எழுதியது யார் என்று தெரிந்துகொள்ளலாமா?

வருத்தம் இருக்க வேண்டும், பொறுப்பு இருக்கக் கூடாது, நாலு வரிக்கு மேல் வேண்டாம் என்றான் தருண். மோகனப்ரியா அந்தப் பதிலை எழுதினாள். நன்றாகவே எழுதினாள். விளம்பரத்தின் சொற்கள் தானியங்கி முறையில் உருவாகின்றன என்றும், எந்த மனிதரும் அவற்றைத் தனித்தனியே எழுதுவதில்லை என்றும் அதில் இருந்தது. வக்கீல் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை.

எந்திரம்தான் எழுதியது என்று அன்று முழுக்க அவள் தனக்கும் சொல்லிக்கொண்டாள். மறுநாள் சாப்பாட்டு வேளையில் ஹபீபுல்லாவிடம் போய், நிரப்பி அந்த வாக்கியத்தை எப்படி உண்டாக்கியது என்று பார்த்துச் சொல்லச் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் தேடினார். பிறகு திரையை அவள் பக்கம் திருப்பாமல், தன் கையாலேயே மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார்?"

"அது உண்டாக்கலம்மா. பேரை மட்டும் மாத்தியிருக்குது."

அவர் கையை எடுத்ததும் பார்த்தாள். மாதிரி முப்பத்தொன்று: "உங்கள் மகள் நித்யாவின் உடம்பில் ஓடும் இன்சுலின் என்ன ஆகும்?" எழுதியவர் பெயர், தேதி, நேரம் எல்லாம் பக்கத்திலேயே இருந்தன. வெள்ளிக்கிழமை மதியம் மூன்று பத்து.

நித்யா என்று அவளுக்கு யாரையும் தெரியாது. ஆனால் எழுதும்போது, தாயும் மகளும் என்றால் சரியாகப் பிடிக்கும் என்று தோன்றியதும், 'உடம்பில்' என்ற சொல்லைச் சேர்த்துவிட்டுத் தனக்குள் மெச்சிக்கொண்டதும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

ஹபீபுல்லா தன் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தார். அவர் அன்று சாப்பிடவில்லை என்று மோகனப்ரியாவுக்குத் தோன்றியது. அவரும்தான் அன்றைக்குச் சிரித்தார். அதைப் பற்றி அவர்கள் கடைசிவரை பேசிக்கொள்ளவில்லை.

அவள் அந்த மாதமே வேலையை விட்டாள். தருண் வருத்தப்பட்டான், வேறு கம்பெனியில் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். அவளும் மறுக்கவில்லை. காரணத்தை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுவும் ஒரு வெட்கமாக அவளுக்குள் சேர்ந்துகொண்டது.

போவதற்கு முன் நிரப்பியிடம் கேட்டு அந்தத் தாயின் விலாசத்தை எடுத்தாள். கேட்டவுடன் கொடுத்தது. தெரு, கதவு எண், வீட்டில் எத்தனை பேர், எந்த நேரத்தில் யார் இருப்பார்கள் என்பது வரைக்கும் கொடுத்தது.

பிப்ரவரி கடைசியில், ஒரு காலை வேளையில், உடுமலைப்பேட்டை தாண்டிப் பேருந்தைவிட்டு இறங்கினாள். சுற்றிலும் காற்றாலைகள். அவற்றில் ஒன்றைப் பராமரிக்கும் வேலையில்தான் அந்தப் பெண்ணின் அப்பா இருந்தார். பேருந்தில் வந்த இரண்டு மணி நேரமும் மோகனப்ரியா என்ன பேசுவது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். ஒவ்வொரு வாக்கியமும் அழகாக வந்தது. ஒவ்வொன்றையும் அருவருத்துத் தள்ளினாள்.

கதவைத் திறந்தவள்தான் தாய் சுகன்யா. ஏறக்குறைய மோகனப்ரியாவின் வயதே இருக்கும். கோவையிலிருந்து, அந்தப் பெட்டி விளம்பர விஷயமாக வந்திருக்கிறேன் என்றதும் சுகன்யா வழிவிட்டு அவளை உள்ளே கூப்பிட்டாள்.

"பெட்டிய எடுத்துட்டுப் போறதுக்கு வந்தீங்களா? சமையக்கட்டுல ஒண்ணு, உள்ரூம்புல ஒண்ணு இருக்குதுங்க."

இல்லை என்றாள் மோகனப்ரியா. நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். ஒத்திகை பார்த்த ஒன்றும் வரவில்லை. சுகன்யா நாற்காலியை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க எழுதுனீங்களா? என்ற புள்ள பேரப் போட்டு?"

"பேரை மிஷின் போட்டுச்சு. மத்ததெல்லாம் நான் எழுதுனதுங்க."

அழுவாள், அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று எல்லாவற்றுக்கும் மோகனப்ரியா தயாராக வந்திருந்தாள். சுகன்யா கேட்டது வேறு.

"உங்க வீட்டுல அந்தப் பெட்டி இருக்குதுங்களா?"

மோகனப்ரியாவுக்கு ஒரு பொய் நாக்குநுனி வரைக்கும் வந்து நின்றது.

"இல்லீங்க."

சுகன்யா மெல்லத் தலையை ஆட்டினாள்.

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது" என்றாள். அதில் கோபம் இல்லை. பல நாளாகக் கூட்டிப் பார்த்துச் சரிவராத ஒன்று இப்போது சரிவந்துவிட்டது போலத்தான் சொன்னாள்.

பிறகு அவளாகவே பேசினாள். புருஷன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நாத்தனார் வந்து பத்து நாள் தங்கியிருந்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நடந்ததைச் சொன்னாள். டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், படித்தவர்தானே நீங்கள் என்று. பி.எஸ்சி. கணிதம் படித்திருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மருந்தின் அளவை மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்தாள். பயத்தில் ஒவ்வொரு தடவையும் வேறு விடை வந்தது. எது சரியென்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

மோகனப்ரியா எல்லோரிடமும் தானே வந்து சொல்வதாகச் சொன்னாள். புருஷனிடம், நாத்தனாரிடம், டாக்டரிடம், வேண்டுமானால் பத்திரிகைக்கும் எழுதிக் கொடுக்கிறேன் என்றாள்.

"அவிங்ககிட்டச் சொல்லி என்னாகப் போகுதுங்க? ஊசி போட்டது நாந்தான?"

உள்ளறையில் கட்டில் அசையும் சத்தம் கேட்டது. சுகன்யா சட்டென்று முன்னால் குனிந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அவளுக்குப் பொங்கலுக்கு முந்தி நடந்ததுதான் ஞாபகம் இருக்குது. அப்புறம் ஆஸ்பத்திரிதான். பத்தொம்போதாந் தேதி கம்ப்யூட்டரெல்லாம் நின்னுபோச்சு, உன்ற பம்பும் நின்னுபோச்சுன்னு சொல்லி வெச்சிருக்கறேன். போன் பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கறாரு, அதனால வேற ஒண்ணும் தெரியாது. ஆனா நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. என்ற மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கறா."

அவள் மோகனப்ரியாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீங்க ஊரையே நம்ப வெச்சவங்க. எம்புள்ளைகிட்ட ஒருக்கா சொல்லிட்டுப் போங்க."

மோகனப்ரியா உண்மையைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள். அதை அங்கே சொல்லிப் புண்ணியமில்லை. தன் மனம் ஆற வேண்டும் என்பதற்காக அந்தப் பெண்ணிடம் போய் உண்மையைச் சொல்ல அவளுக்கு உரிமையும் இல்லை. சரியென்றோ மாட்டேனென்றோ அவள் சொல்வதற்குள் தன்ஷிகா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். உயரமான பெண். காலை ஒவ்வொன்றாக யோசித்து யோசித்து வைத்தாள். கையில் ஒரு நோட்டு இருந்தது.

"இவிங்க யாரும்மா?"

"கம்பெனிலிருந்து வந்திருக்கறாங்க சாமி. உனக்கு எப்படி இருக்குதுன்னு பாக்க."

தன்ஷிகா உட்கார்ந்தாள். சொற்கள் அவளுக்குத் தாமதமாகத்தான் வந்தன. ஒவ்வொன்றுக்கும் காத்திருந்து பேசினாள்.

"அன்னைக்கு நெஜமாவே எல்லாம் நின்னுபோச்சுங்களா?"

"ஆமா கண்ணு."

"எனக்கு மட்டுமா?"

"இல்ல. தமிழ்நாட்டுல இருபத்தி மூணு பேருக்கு இப்படி ஆயிருக்குது. அவங்க எல்லாரையும் போய்ப் பாத்துக்கிட்டு வர்றேன்."

கேட்காத எண்ணிக்கையையும் அவளே சொல்லியிருந்தாள். எண்ணைச் சொன்னால் நம்புவார்கள் என்பது கைப்பழக்கம். தன்ஷிகா நோட்டைப் பிரித்தாள். மறந்துபோகிறது, அதனால் கேட்டதையெல்லாம் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர் என்றாள். அவர்கள் பெயரைச் சொல்லச் சொன்னாள்.

மோகனப்ரியா சொன்னாள். காங்கேயத்தில் சண்முகவடிவு, நாற்பது வயது, அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவர், அவருக்கும் இன்சுலின்தான். ஆத்தூரில் ஜோதிபாசு, லாரி ஓட்டுகிறவர், நெஞ்சுக்குள் வைத்த கருவி நின்றுவிட்டது. பேராவூரணியில் ஃபாத்திமா ஜுனைதா, காலேஜில் இரண்டாவது வருடம் படிக்கிறாள். தடையே இல்லாமல் வந்தார்கள். வயதும் ஊரும் வேலையும் நோயுமாக, ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள். தன்னுடைய வாய் எத்தனை சுலபமாக இதைச் செய்கிறது என்பதைக் கேட்டுக்கொண்டே அவள் பேசினாள். சுகன்யா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தன்ஷிகா ஒவ்வொரு பெயராக எழுதினாள். எழுத்துகள் கோட்டில் நிற்காமல் ஏறி இறங்கின. மூன்றாவது பெயரோடு கை வலிக்கிறது என்று நிறுத்தினாள்.

"இவிங்களுக்கெல்லாம் சரியாயிருச்சுங்களா?"

"கொஞ்சங் கொஞ்சமா ஆகுது."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மாதான் பண்ணுச்சுன்னு எங்கத்தை போன்ல யாருகிட்டயோ சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நான் தூங்கறேன்னு நெனச்சுக்கிச்சு." சற்று நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அப்ப எங்கம்மா மேல தப்பில்லீங்களா?"

சுகன்யாவின் கை தன் சேலை முந்தானையை இறுகப் பிடித்தது.

"இல்ல கண்ணு. உங்கம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

அந்த வீட்டில் அந்தப் பெண்ணிடம் அவள் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அதையும் மற்றதைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னாள். வேறு குரல் அவளிடம் இருக்கவில்லை.

தன்ஷிகாவின் முகம் தளர்ந்தது. திரும்பி அம்மாவைப் பார்த்தாள். சுகன்யா எழுந்து, சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்று எதையோ சொல்லிக்கொண்டு சமையற்கட்டுப் பக்கம் நடந்தாள். நிலைப்படியில் ஒரு கணம் நின்று, சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, பிறகு உள்ளே போனாள்.

மோகனப்ரியாவும் எழுந்தாள். போய் வருகிறேன் என்றாள்.

"உங்க பேரு சொல்லவே இல்லீங்களே?"

"மோகனப்ரியா."

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க."

அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். தன்ஷிகா வலிக்கிற கையை உதறிவிட்டு, நோட்டின்மேல் கவிந்து, அந்த மூன்று பெயருக்கும் கீழே இடைவெளி விடாமல் நான்காவதாக எழுதினாள். அது அந்த வரிசையில் வர வேண்டிய பெயர் இல்லை என்று சொல்ல மோகனப்ரியா வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தப் பெண் எழுதி முடித்து, சரியா என்று நோட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

சரிதான் என்றாள் மோகனப்ரியா.